சைகோன் மாமனார் முதிர்ந்த கதை

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன பிறகு, ஒரு நாடகம் போடுவதென்றால் யாரிடம் போய் அனுமதி கேட்பது என்பதில் ஊருக்குக் கொஞ்ச காலம் குழப்பம் இருந்தது. பழைய துரை கப்பலேறிவிட்டார். புதிய அதிகாரிக்கு அது தன் இலாகாவா என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டே பழகிய ஊர்.

அந்த இடைவெளியில் ஓய்வூதியம் வாங்கும் மூன்று பெரியவர்கள் கூடி 'அரங்கேற்றத் தகுதிச் சபை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு ரப்பர் முத்திரை செய்துகொண்டார்கள். அதிகாரத்தை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. முத்திரையைப் பார்த்தவர்கள் தாமாகவே கொடுத்துவிட்டார்கள்.

சபையின் நோக்கம் உயர்வானது. முதிராத படைப்பு எதுவும் பொதுமக்கள்மேல் வந்து விழாமல் தடுப்பது. "அரைவேக்காட்டுச் சோறு ஒருத்தர் வயித்தத்தான் கெடுக்கும். அரைவேக்காட்டு நாடகம் ஒரு கொட்டகையையே கெடுக்கும்" என்று தலைவர் காசிலிங்கம் தொடக்க விழாவில் பேசினார். அவர் கோர்ட்டில் துபாஷியாக, பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் மொழிபெயர்ப்பவராக இருந்தவர். செயலாளர் இராமதாஸ் மேரி என்ற நகராட்சி அலுவலகத்தில் முப்பது வருடம் பிறப்பு, இறப்பு பதிந்தவர். மூன்றாவது உறுப்பினர் ஜான்-பத்திஸ்த், பிரெஞ்சுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மூவரில் ஒருவரும் நாடகம் எழுதியதில்லை, நடித்ததில்லை. நடுநிலைக்கு இதைவிட உத்தரவாதம் வேண்டியதில்லை என்று ஊர் நம்பியது.

இந்தச் சபையிடம் தேவதாஸ் மாட்டிக்கொண்டது 1956இல்.

தேவதாஸ் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய மருந்துக் கடையில் கம்பவுண்டர். நாற்பது வயது. பகல் முழுதும் இருமல் மருந்து கலக்குவார். கலக்கும்போதே தனக்குள் வசனம் பேசிக்கொள்வார். அப்படிப் பேசிப் பேசி ஒரு நாடகம் எழுதிவிட்டார். பெயர் 'சைகோன் மாமனார்'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த ஒருவர் சைகோனிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வருகிறார். பட்டாளம் இல்லாமல் இருக்க முடியவில்லை. ஆகவே வீட்டையே பட்டாளமாக்குகிறார். பால்காரன் பதவியைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மருமகன் கருவாட்டுக் குழம்பை முள்கரண்டியால் சாப்பிட வேண்டும். எருமை மாடு காலையில் அணிவகுப்புக்கு நிற்க வேண்டும். எருமை மட்டும் ஒத்துழைக்கிறது.

முதலில் மனைவி செல்வாம்பாளுக்குப் படித்துக் காட்டினார். முள்கரண்டி வந்த இடத்தில் அவள் சிரித்து, புரையேறி, கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். தேவதாசுக்கு நம்பிக்கை வரவில்லை.

"நீ என் பொண்டாட்டி. நீ சிரிக்கத்தான் செய்வே" என்றார்.

"எந்த ஊர்லங்க பொண்டாட்டிங்க அப்பிடிச் சிரிக்கறாங்க?" என்றாள் அவள்.

அடுத்து லூசியனிடம் போனார். லூசியன் உண்மையிலேயே சைகோனில் சொல்தாவாக இருந்தவர். அறுபது தாண்டியவர், மனைவியை இழந்தவர். பிரான்சில் தூலோன் பட்டணத்தில் இருக்கும் மகள் மார்கரீத் 'புறப்பட்டு வாருங்கள்' என்று எழுதிக்கொண்டே இருந்தாள். தேவதாஸ் பயந்துகொண்டே படித்தார். லூசியன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கடைசிவரை கேட்டார்.

"என்னத்தானே எழுதியிருக்க?"

"ஆமாங்க."

"அப்ப வேற எவன் நடிப்பான்? நான்தான் நடிக்கணும்" என்றார். "கப்பல் அடுத்த மாசமும் வரும்."

இனி வேண்டியது மேடை ஒன்றுதான். நாடகக் கொட்டகைக்காரர் உத்திராபதி தயங்கவில்லை. "சபை முத்திரை குத்திக் கொண்டாந்துடுங்க. கொட்டகை உங்களுது" என்றார். முத்திரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தேவதாஸ் கேட்டார். அது உத்திராபதிக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் பயமாக இருக்கிறது என்றார்.

சபை அலுவலகத்தில் இராமதாஸ் இருந்தார்.

"என்னா கொண்டாந்திருக்கீங்க?"

"நாடகமுங்க. எழுதி முடிச்சிட்டேன்."

"முடிஞ்சிடுச்சின்னு யாரு சொன்னது?"

"எழுதினதே நான்தானுங்களே."

"அதனாலதான் கேக்கறேன். பெத்தவ தனியா வந்து எனக்குக் கொழந்த பொறந்துடுச்சின்னு சொன்னா, மேரியில நாங்க எழுதிக்க மாட்டோம். சாட்சி ரெண்டு பேரு வரணும்."

தேவதாஸ் கைப்பிரதியை நீட்டி, "நீங்களே படிச்சுப் பாருங்களேன்" என்றார்.

இராமதாஸ் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "தகுதி வாங்காத படைப்ப ஒருத்தர் கண்ணுலயும் காட்டக் கூடாது. அது முதல் விதி. நானும் ஒருத்தன்தானே. நான் படிச்சிட்டா அது வெளியானதாயிடும். வெளியான பிறகு தகுதி கொடுக்க முடியுமா?"

"படிக்காம எப்படிங்க தகுதி பாப்பீங்க?"

"அதுக்குத்தான் சபை இருக்கு" என்றார் இராமதாஸ், பொறுமையாக.

முதல் கட்டம் ஊறல். படைப்பு ஒரு வருடம் சபையின் மர அலமாரியில் கிடக்க வேண்டும். ஆசிரியர் அதைத் தொடக் கூடாது, நினைக்கவும் கூடாது. நினைத்தால் சூடு ஆறாது. தேவதாஸ் கைப்பிரதியை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார். லூசியன் மகளுக்கு 'கால் வலி, மழை கழித்து வருகிறேன்' என்று எழுதினார்.

ஒரு வருடம் கழித்து அலமாரியைத் திறந்தபோது கரையான் முதல் காட்சியில் பாதியையும் இரண்டாம் காட்சி முழுவதையும் தின்றிருந்தது. தேவதாஸ் கையில் எடுத்த காகிதம் மாவாக உதிர்ந்தது.

இராமதாஸ் எட்டிப் பார்த்து, "நல்லா சுருங்கியிருக்கு" என்றார். "பல பேரு நீளமா எழுதிக் கொண்டாந்து வெக்கறாங்க. வெட்டச் சொன்னா கோவம் வருது. இதுன்னா ஒருத்தர் மேலயும் வருத்தமில்ல."

தேவதாஸ் மனத்திலிருந்ததை வைத்துத் திரும்ப எழுதினார். திரும்ப எழுதியது புதுப் படைப்பு, ஆகவே மறுபடியும் ஒரு வருடம் ஊற வேண்டும் என்று சபை சொன்னது. அவர் நடந்தார், கெஞ்சினார், ஒரு நாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நாடகம் ஊறாவிட்டாலும் ஆசிரியர் போதுமான அளவு ஊறிவிட்டதாகச் சபை முடிவு செய்து, நேர்காணலுக்கு அழைத்தது. அந்த மாதங்களில் அவர் கலக்கிக் கொடுத்த இருமல் மருந்து வழக்கத்தைவிட நன்றாகக் கலந்திருந்ததாகக் கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். பாட்டிலை அவர் அவ்வளவு வேகமாகக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

நேர்காணலில் தலைவர் காசிலிங்கம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க படைப்பு உங்களுக்குத் திருப்தியா இருக்குதா?"

"திருப்திதாங்க" என்றார் தேவதாஸ்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "திருப்தி வந்துட்டா வளர்ச்சி நின்னு போச்சின்னு அர்த்தம். முதிராத ஆளுக்குத்தான் திருப்தி சீக்கிரம் வரும்" என்றார் காசிலிங்கம்.

"இல்லீங்க, முழுத் திருப்தின்னு சொல்ல முடியாது."

"உங்களுக்கே திருப்தி இல்லாதத எங்க தலையில எதுக்குக் கொண்டாந்து கட்டறீங்க?"

தேவதாஸ் வாயை மூடிக்கொண்டார். அது பணிவு என்று குறிக்கப்பட்டது. வெளியே போகும்போது காசிலிங்கம் கூப்பிட்டு, "அதுல கருத்து இருக்குதா?" என்று கேட்டார். சிரிப்பு இருக்கிறது என்றார் தேவதாஸ். "சிரிப்பு இருக்கட்டும். கருத்துன்னு ஒண்ணு இருந்தா எங்களுக்கும் தைரியமா இருக்கும்" என்றார் தலைவர்.

ஆகவே மூன்றாம் காட்சியில் ஒரு கருத்துச் சேர்ந்தது. மாமனாரின் மகள் தாய்நாடு, தாய்மொழி, தாய்மை ஆகிய மூன்றையும்பற்றிப் பேசிவிட்டு அழுவாள். எழுதி முடித்துப் படித்தபோது செல்வாம்பாள் அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டாள்.

படிக்கக் கூடாது என்றுதான் விதி, கேட்கக் கூடாது என்று இல்லை என்பதை அடுத்த வருடம் ஜான்-பத்திஸ்த் கண்டுபிடித்தார். கணக்கு வாத்தியார் மூளை. அதன்படி, மூடிய அறையில் மூன்று உறுப்பினர்கள் முன்னால் நாடகம் நடித்துக் காட்டப்பட வேண்டும். ஆனால் உறுப்பினர்கள் சிரிக்கக் கூடாது.

"நகைச்சுவை நாடகமுங்க" என்றார் தேவதாஸ்.

"நீதிபதி சாட்சிக்கூண்டப் பாத்துச் சிரிச்சா வழக்கு என்னாகறது?" என்றார் காசிலிங்கம்.

லூசியன் நெஞ்சை நிமிர்த்தி வந்து நின்று எருமைக்கு உத்தரவு கொடுத்தபோதே ஜான்-பத்திஸ்த்தின் தோள்கள் குலுங்கின. கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். முள்கரண்டி வந்தது. அவர் கண்ணில் நீர் வழிய எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். முற்றத்தில் வெகுநேரம் அவர் சத்தம் கேட்டது. உறுப்பினர் ஒருவருக்குக் கடும் இருமல் கண்டதாகச் சபைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

முடிவு சொல்லும் நேரம் வந்தது. வெளியே போனவர் காட்சியை முழுவதும் பார்க்காததால் அவர் வாக்கு சேராது. இருந்த இருவரும் சிரிக்கவில்லை. பார்த்தவர்களில் ஒருவரும் சிரிக்காத ஒன்றை நகைச்சுவை நாடகம் என்று எப்படிச் சான்று கொடுப்பது என்று இராமதாஸ் கேட்டார்.

"சிரிக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே" என்றார் தேவதாஸ்.

"ஆமா. அந்த விதி ரொம்ப நல்ல விதி. அதுல தப்புச் சொல்ல முடியாது" என்றார் காசிலிங்கம். அவருக்கே வருத்தமாக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாடகம் ஒருவேளை முதிர்ந்தே இருக்கலாம். ஊர் முதிர்ந்திருக்குதான்னு பாக்கணும்" என்றார்.

ஊரின் முதிர்ச்சியை அறிய இராமதாஸ் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார். மீன் விற்கும் அங்கம்மாளிடம் நின்று, "ஒரு நாடகத்துக்கு நீங்க தயாரா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார்.

"மத்தி அப்பிடியே நிக்கிது. வூட்டுக்குப் போறதுக்கே நா தயாரா இல்ல. வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா தள்ளி நில்லு, காத்து வரட்டும்" என்றாள் அங்கம்மாள்.

ஊர் இன்னும் தயாராகவில்லை என்று இராமதாஸ் அறிக்கை கொடுத்தார்.

இதற்குள் 1959 ஐப்பசி வந்துவிட்டது. இனிமேல் கால் வலியை நம்பமாட்டேன் என்றும், பிள்ளைப்பேறு நெருங்குவதால் அப்பா பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்றும் மார்கரீத் எழுதியிருந்தாள். லூசியன் தேவதாசைக் கூப்பிட்டனுப்பினார்.

"மூணு வருஷம் பாத்துட்டேன். போறேம்பா. பேரப்புள்ள சபைகிட்ட கேட்டுக்கிட்டுப் பொறக்காது" என்றார்.

"போய்ட்டு வாங்க" என்றார் தேவதாஸ். அன்று இரண்டு பாட்டில்களை உடைத்தார்.

கப்பலேறும் நாளில் தேவதாசும் செல்வாம்பாளும் வழியனுப்பப் போனார்கள். கடற்கரையில் ஒரு சுங்கக் கொட்டகை. அதில்தான் பயணிகள் காத்திருக்க வேண்டும். மார்சேய் போகிற கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நின்றது. அதுவரை படகில்தான் போகவேண்டும். அலை பெரிதாக இருந்ததால் படகைத் தள்ள மாட்டோம் என்று படகுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கொட்டகை முழுதும் இரும்புப் பெட்டிகள், ஊறுகாய் ஜாடிகள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழும் குடும்பங்கள். அழுதவர்கள் அழுது முடித்தும் கடல் அடங்கவில்லை. பிரிவைச் சொல்லியாகிவிட்டது, ஆனால் பிரிய முடியவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லூசியன் வெள்ளைக் கோட்டும் பதக்கங்களுமாக ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்தார். குதிகால்களைச் சேர்த்து அடித்து, நாடகத்தின் முதல் வசனத்தைப் போட்டார்.

"கார்த்-ஆ-வூ."

'நிமிர்ந்து நில்' என்று எருமைக்கு இடும் உத்தரவு அது. ஆனால் அந்தக் கொட்டகையில் பழைய சொல்தாக்கள் பலர் இருந்தார்கள். காது கேட்டதும் கால் கேட்டது. பத்துப் பதினைந்து கிழவர்கள் கையிலிருந்த குடை, கூஜா எல்லாவற்றையும் போட்டுவிட்டு விறைத்து நின்றார்கள்.

லூசியன் அவர்களை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தேவதாஸ் பக்கம் திரும்பி, "எருமை சரியா நிக்கிது. மாப்பிள்ளதான் வளைஞ்சி நிக்கிறாரு" என்றார்.

ஒரு பெண்பிள்ளை முதலில் சிரித்தாள். பிறகு நின்ற கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தேவதாஸ் கூட்டத்துக்குள் பின்வாங்கப் பார்த்தார். "பேசுங்களேன், உங்க வசனம்" என்று செல்வாம்பாள் முதுகில் குத்தினாள். அவர் மருமகனாகப் பேசினார். செல்வாம்பாளுக்கு எல்லா வசனமும் மனப்பாடம். அவள் மாமியாரானாள். தட்டுக்கு லூசியனின் தொப்பி, முள்கரண்டிக்குச் சீப்பு. தொப்பிக்குள் இல்லாத கருவாட்டை மருமகன் சீப்பால் துரத்தத் துரத்த, அழுது வீங்கிய முகங்களெல்லாம் சிரித்தன. சிரித்துக்கொண்டே சிலர் மறுபடி அழுதார்கள். சுங்க அதிகாரி பெட்டி சோதிப்பதை விட்டுவிட்டு வந்து நின்றார்.

கூட்டத்தில் இராமதாசும் இருந்தார். மைத்துனனை ஏற்றிவிட வந்தவர். துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தவர், தேவதாஸ் பார்த்ததும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது.

மூன்றாம் காட்சி வந்தது. மகளின் கருத்தையும் செல்வாம்பாளே பேசினாள். தாய்நாடு முடிவதற்குள் ஒருவர் கொட்டாவி விட்டார். தாய்மொழியில் பாதிப்பேர் கப்பலைப் பார்த்தார்கள். தாய்மைக்கு வருவதற்குள் அலை அடங்கிவிட்டதாகப் படகுக்காரர்கள் குரல் கொடுத்தார்கள். எல்லாரும் பெட்டியைத் தூக்கினார்கள். நாடகம் அத்தோடு நின்றது.

லூசியன் கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கும் முன் தேவதாசின் தோளைப் பிடித்தார்.

"மூணாவது காட்சி தேறலப்பா. ஜனங்க கப்பலப் பாத்தாங்க. கவனிச்சியா?"

"கவனிச்சேங்க."

"வெட்டிடு. கரண்டிய இன்னும் கொஞ்சம் இழு. நான் சீக்கிரம் முடிச்சிட்டேன், தப்பு."

"சரிங்க."

மூன்று வருடத்தில் அந்த நாடகத்தைப்பற்றி ஒருவர் அவரிடம் சொன்ன முதல் விஷயம் அது. அதைச் சொன்னவர் படகில் ஏறிக்கொண்டிருந்தார். தேவதாஸ் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார். படகு அலைமேல் ஏறி, மறைந்து, மறுபடி ஏறியது. செல்வாம்பாள் வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை அங்கேயே நின்றார்.

மறுவாரம் சபை அவரை அழைத்தது. குற்றம், தகுதி பெறாத படைப்பைப் பொதுமக்கள் முன்னால் பகிர்ந்தது. சாட்சி, இராமதாஸ். சிரித்ததைப்பற்றி அவர் குறிப்பிடவில்லை.

தேவதாஸ் சண்டை போடுவதற்கென்றே வந்திருந்தார். வழி முழுதும் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். மூன்றாம் காட்சியை வெட்டியாயிற்று. வைத்திக்குப்பத்து மீனவர்கள் தங்கள் கோயில் திருவிழாவில் நாடகத்தைப் போடக் கேட்டிருந்தார்கள். அவர்களிடம் கொட்டகையும் இல்லை, முத்திரையைப்பற்றித் தெரியவும் தெரியாது. இந்தச் சபையிடம் அவருக்கு இனி வேண்டியது ஒன்றுமில்லை.

காசிலிங்கம் எழுந்து நின்று பேசினார்.

"அவசரம். இந்தக் காலத்துப் படைப்பாளிகளுக்கு இதான் நோய். என்னப் பாருங்க. பெருமைக்குச் சொல்லல. இருபத்தஞ்சு வருஷமா நான் ஒரு காவியம் எழுதிக்கிட்டு வர்றேன். ஆறாயிரம் பாட்டு. ஒரு வரி, ஒருத்தருக்குக் காட்டினதில்ல. என் சம்சாரம் பூவாயி எத்தனையோ தடவ கேட்டா, ஒரு பாட்டு படிச்சுக் காட்டுங்கன்னு. முதிரட்டும், பொறுன்னேன். அவ போய்ச் சேர்ந்தும் நாலு வருஷமாச்சி. அப்பவும் நான் காட்டல. அதுக்குப் பேருதான் கட்டுப்பாடு."

இராமதாஸ் கை தட்டினார். ஜான்-பத்திஸ்த் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேர்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் தேவதாசுக்கு ஒன்றும் நினைவில் இல்லை.

"எப்பிடி வந்திருக்குங்க அது?" என்று கேட்டார்.

காசிலிங்கம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு உட்கார்ந்தார். இதுவரை யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலிருந்தது.

"தெரியலயே" என்றார்.

வெளியே ரிக்‌ஷா மணி அடித்துக்கொண்டு போனது.

"ஒரு பாட்டு சொல்லுங்க. கேட்டுட்டுப் போறேன்" என்றார் தேவதாஸ். கேலியாகச் சொல்லவில்லை.

காசிலிங்கம் கண்ணை மூடினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. விரல் நாற்காலிக் கையில் ஒரு முறை தாளம் தட்டியது.

"ஐயா, தகுதி வாங்காதது" என்று இராமதாஸ் மெல்ல ஞாபகப்படுத்தினார்.

"கேக்கறதுல தப்பில்லன்னு விதி" என்றார் ஜான்-பத்திஸ்த். "சொல்லுங்க முசியே."

விரல் நின்றது. காசிலிங்கம் கண்ணைத் திறந்து மூவரையும் பார்த்தார். சொல்லத்தான் போகிறார் என்று தேவதாஸ் நினைத்தார்.

"இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்றார் காசிலிங்கம்.

தேவதாஸ் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். சைக்கிள் பூட்டைத் திறந்தவர் உடனே ஏறவில்லை. ஜன்னலுக்குக் கீழே சற்று நேரம் காது கொடுத்து நின்றார். உள்ளே மூன்று பேர் இருந்தும் ஒரு சத்தமும் இல்லை. வைத்திக்குப்பத்தில் ஒத்திகைக்கு ஆட்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர் பெடலை மிதித்தார்.